பாவத்தின் கூலியும் மனந்திரும்புதலும்

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம் மேஜர் ரொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்டதாகும். ஊவாவின் நிருவாகியாக விளங்கிய அவர் வீதிகள் பல அமைத்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனவும் பெயர் பெற்றவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறையின் மீதும் இடி விழுந்ததென மக்கள் கூறுவர். உயிர்க்கொலையின் பாவம் கல்லறை வரை துரத்திற்று என்பதே அக்கதையின் உட்பொருள். பாவம் செய்தவனை வானமே தேடிவந்து ஒறுக்கும் என்னும் இக்கருத்து நீதிக்கு ஏங்கும் மனித உள்ளத்துக்கு நிறைவளிப்பது. ஆயின், கிறிஸ்தவம் பாவத்தின் பயனை இவ்வாறுதான் காண்கிறதா?

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, அதே மாகாணத்தில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயன் குடியிருப்புகள் மண்ணுள் மறைந்தன. அவற்றோடு மனிதரும் மறைந்தனர். ரொஜர்சின் மரணம் பாவத்தின் தண்டனையெனின், இம்மக்களின் மரணமும் அத்தகையதே எனக் கொள்ளல் வேண்டும். கொழுந்து பறித்து வாழ்ந்தோர் அத்தகைய பெரும் பாவம் யாது செய்தனர்?

இவ்வினா இயேசுவின் காலத்திலேயே எழுந்ததொன்றாகும். சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டதை லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரம் குறிப்பிடுகின்றது. மாண்டோர் ஏனையோரிலும் கொடிய பாவிகள் அல்லர் என மறுத்த இயேசு, கேட்டு நின்றோரையே மனந்திரும்புமாறு அழைத்தார். மாண்டவரின் பாவத்தை ஆராய முற்பட்டோரின் பார்வை, அவர்தம் வாழ்வின் மீதே திருப்பப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது.

மரணத்தைப் பாவத்தின் கூலியெனப் பவுல் அடிகள் மொழிந்தார். மலையகத்தில் இச்சொல்லுக்குத் தனிக்கனம் உண்டு. வேலை செய்தவன் ஒருவன், கூலி பெற்றவன் வேறொருவன் என்னும் நிலை பாவத்திலும் நிகழ்வதை மீரியபெத்தை காட்டுகின்றது. மழை இயற்கையின் செயல். ஆனால் அம்மக்கள் அச்சரிவின் கீழ் வாழ நேர்ந்தமை மனிதரின் செயல். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் முன்னோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. சொந்த நிலமோ வீடோ இன்றித் தலைமுறைகள் லயன்களில் கழிந்தன. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. எனினும், பெயர்ந்து செல்ல மாற்றிடமற்றோர்க்கு எச்சரிக்கை மட்டும் யாது பயன் தரும்?

சமூகத்தின் பாவத்துக்குத் தனிமனிதன் எவ்வாறு மனந்திரும்ப இயலும் என வினவுவோர் உளர். அவர் வாதம் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. எல்லோரும் குற்றவாளிகள் என்பது, ஒருவரும் குற்றவாளி அல்லர் என்பதில் எளிதாக முடியும். இதற்கு விடை சகேயுவின் கதையில் உண்டு. வரிவசூல் முறை முழுவதையும் அவன் படைத்தானல்லன். ஆயினும் அதில் தன் கையிற் சேர்ந்த பங்கை அறிந்தான். உடைமையிற் பாதியை ஏழைகளுக்கு அளிக்கவும், வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கவும் உறுதிபூண்டான். மனம் திரும்புவதன் அடையாளம், பெற்ற பொருளும் திரும்புவதே. கண்ணீர் அதன் தொடக்கமாகலாம், முடிவாகாது.

திருச்சபையும் இவ்வழைப்புக்குப் புறம்பானதன்று. 1972இல் பதுளை மறைமாவட்டம் அமைந்தபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார அதன் முதல் ஆயராக ஊவாவுக்கு வந்தார். வளர்ந்த பீடத்திலிருந்து வறிய பீடத்தை நோக்கிய அப்பெயர்ச்சி, மனந்திரும்புதல் எத்திசையில் அமைதல் வேண்டும் என்பதற்கு ஒரு குறிப்பாகும். குடியையும் சச்சரவையும் மட்டுமே பாவமெனத் தோட்டத்து மக்களுக்குப் போதித்து, அவர்களுக்கு இழைக்கப்பட்டதைப் பாவமென உரைக்காத போதனை பாதிப் போதனையே.

இடி விழுந்த கல்லறையைச் சுட்டுவது எளிது. அது நம்மை ஒன்றும் கேட்பதில்லை. மண் மூடிய மீரியபெத்தையோ உயிரோடிருப்போரைக் கேட்கின்றது. மனந்திரும்புதற்கான அழைப்பு மாண்டோர்க்கு உரியதன்று. அவர்தம் உழைப்பில் விளைந்த தேநீரை அருந்தி எஞ்சியிருப்போர்க்கே உரியது.