அணைத்துக்கொண்ட கைகள்



பொதுக்காலம் 27ஆம் ஞாயிறின் நற்செய்தியைக் கேட்டோம். இயேசுவிடம் குழந்தைகளைக் கூட்டிவந்தவர்களைச் சீடர்கள் அதட்டினார்கள், இயேசு கோபங்கொண்டார். இதே நிகழ்ச்சியை மத்தேயுவும் லூக்காவும் சொல்கிறார்கள். ஆனால் ஆண்டவர் கோபப்பட்டதையும் பிள்ளைகளை அணைத்துக்கொண்டதையும் மாற்கு மட்டுமே எழுதிவைத்திருக்கிறார். பிள்ளைகளை விரட்டிய பெரியவர்கள்மேல்தான் அந்தக் கோபம் பாய்ந்தது.

குடவாசலிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் வீடு சந்திக்கப் போனால் தாய்மார்கள் சொல்லும் முதல் புகார் இதுதான்: "ஃபாதர், புள்ள எந்நேரமும் போனும் கையுமா கெடக்கான். கொஞ்சம் கண்டிச்சு வைங்க." 2020இல் பள்ளிக்கூடம் மூடியபோது, ஆன்லைன் வகுப்புக்கென்று கடன்பட்டாவது நாமே வாங்கிக்கொடுத்த போன். பள்ளி திறந்த பிறகும் சில பிள்ளைகளால் அதைக் கீழே வைக்க முடியவில்லையே, ஏன்?

சீனாவிலும் வேறு நாடுகளிலும் மாணவர்களிடையே நடந்த பல ஆய்வுகள் ஒரு தொடர்பைக் காட்டுகின்றன. சிறுவயதில் அடியும் வசையும் வாங்கியவர்கள், கவனிப்பாரற்று வளர்ந்தவர்கள், கைப்பேசியில் கட்டுப்பாடின்றி மூழ்குவது அதிகம். அடிபட்ட எல்லோரும் அப்படி ஆவதில்லை. போன் பார்க்கும் பிள்ளையெல்லாம் அடிபட்ட பிள்ளையுமல்ல. ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளையைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

அடிக்குப் பயந்து வளரும் பிள்ளைக்கு எப்போதும் காது வாசலில்தான் இருக்கும். பைக் வந்து நிற்கும் சத்தத்திலேயே அப்பா குடித்திருக்கிறாரா என்று தெரிந்துவிடும். சண்டைச் சத்தம் கேட்காமலிருக்க இயர்போனை மாட்டிக்கொள்கிறது. போன் விளையாட்டில் தோற்றால் "எதுக்கும் லாயக்கில்லாதவனே" என்று திட்ட அங்கே ஆளில்லை, மறுபடி ஆடலாம். முகம் தெரியாத யாரோ "சூப்பர்" என்கிறார். அன்புக்கு ஏங்கும் பிள்ளையை அந்த யாரோ எங்கே வேண்டுமானாலும் இழுத்துப்போக முடியும் என்பதுதான் என் பயம்.

அடிபடும் பிள்ளைகள் நம் நாட்டில் கொஞ்சமல்ல. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்றில் இருவர் உடலளவில் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தது பெற்றோர்தான்.

அடிக்கும் கைக்குப் பின்னால் ஒரு வேதனையும் இருக்கலாம். இது குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்துகிடக்கும் காலம். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று சொல்லி வாங்க மறுத்துவிடுவார்கள். தார்ப்பாய் போட்டு மூடி, மழையில் விடிய விடியக் காவல் கிடந்து, கடன்காரனுக்கு என்ன பதில் சொல்வது என்ற யோசனையோடு வீட்டுக்கு வருகிற தகப்பனின் வேதனை எனக்குத் தெரியும். அந்த ஆத்திரத்துக்குப் பிள்ளையின் முதுகு என்ன செய்யும்?

புனித பவுல் காலத்து உரோமைச் சட்டம், பிள்ளையின் உயிர்மேலேயே தகப்பனுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அந்த உலகத்தில் அவர் கொலோசையருக்கு எழுதினார்: தகப்பன்மாரே, பிள்ளைகளை எரிச்சலூட்டி மனமுடைந்துபோகச் செய்யாதீர்கள் என்று.

போனைப் பிடுங்கி உடைத்துப் பிரம்பை எடுத்தால், பிள்ளை எதற்குப் பயந்து ஒளிந்ததோ அதையே திரும்பவும் கொடுக்கிறோம். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். என்ன பார்க்கிறாய் என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் மறுநாள் கேளுங்கள். அடித்திருந்தால், "நான் செஞ்சது தப்புப்பா" என்று பிள்ளையிடமே சொல்லுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வருமுன் அது நடக்கட்டும். தூக்கமும் சாப்பாடும் கெட்டுப் பள்ளிக்கே போகாத அளவுக்கு முற்றியிருந்தால், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இதில் வெட்கம் ஏதுமில்லை. இப்படிப் போனில் மூழ்கியவர்களுக்கென்றே பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014இல் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சில பிள்ளைகள் வாய்திறந்து சொல்ல முடியாத பாலியல் கொடுமையை மறக்கத்தான் போன் திரைக்குள் போகிறார்கள். பிள்ளை சொன்னால் நம்புங்கள். குடும்ப மானம், கோவில் மானம் என்று மூடிவைக்காதீர்கள். தெரிந்தும் மறைப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். செய்தவர் மாமனோ, மறைக்கல்வி ஆசிரியரோ, குருவானவரோ, யாராக இருந்தாலும் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.