உரிமம் மட்டும் போதுமா?

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே தோலைச் சீவும் ஷேவிங் மெஷின் முன் நிறுத்த மாட்டார்கள். சுழலும் கத்திக்குள் தோலைக் கொடுக்கவும், இழுக்கும்போது விட்டுவிடவும் கை பழகியிருக்க வேண்டும்.

விமானத்துக்கு இது பல மடங்கு பொருந்தும். 1980 ஜூன் 23 அன்று டெல்லியில் பிட்ஸ் எஸ்-2ஏ என்ற சாகச விமானம் விழுந்து, பிரதமர் இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தி இறந்தார். உடன் பறந்த கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் பிழைக்கவில்லை. சஞ்சயிடம் உரிமம் இருந்தது. ஆனால் அந்த ரக விமானம் கட்டுப்பாட்டுக் கம்பியைச் சற்றே அசைத்தாலும் புரண்டுவிடும். தாழப் பறக்கையில் தவறைத் திருத்த உயரமும் கிடையாது, நேரமும் கிடையாது.

1999 ஜூலையில் அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன், தானே ஓட்டிய விமானத்தோடு இரவில் கடலில் விழுந்தபோது மனைவியும் மனைவியின் அக்காவும் கூடவே மாண்டார்கள். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியை விமானத்தை ஓட்டிய அவர் அப்போது பெற்றிருக்கவில்லை.

அமெரிக்காவில் 200 குதிரைத்திறனைத் தாண்டிய இன்ஜினுக்குத் தனிப்பயிற்சியும், லாக் புத்தகத்தில் பயிற்றுநரின் கையெழுத்தும் வேண்டும். எனக்கு அதுவும் குறைவாகவே படுகிறது. இரவிலும் மேகத்திலும் பயிற்றுநரோடு பறந்து காட்டாதவருக்கு, எவ்வளவு பணம் வைத்திருந்தாலும், வேகமான விமானத்தின் சாவியைத் தரக்கூடாது.