கண் திறந்த படம்

காமிரா பொய் சொல்லாது என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். சென்ற தை மாதத்திலிருந்து இந்த வாக்கியத்தோடு எனக்கு ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதில் நான் வாதியா, பிரதிவாதியா என்பதே இன்னும் சரியாகத் தெரியவில்லை. வாசகர்களிடம் சொன்னால் ஒருவேளை தெளியும் என்று எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் எங்கள் குடும்பத்துக்கு வாடிக்கையான போட்டோக்காரர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம், ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். எழுபதைத் தாண்டிவிட்டார். இப்போது கடையைப் பையன் பார்த்துக்கொள்கிறான். அண்ணாச்சி வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐம்பது வருஷத்துப் பழக்கம், விடவில்லை.

போட்டோக்காரர் என்றால் சட்டை கசங்காத பிழைப்பு என்று நினைப்பவர்கள் அவருடைய பழைய நாள் ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் கடை திறந்ததும் முதல் கவலை வெளிச்சமல்ல, தண்ணீர். கரிசல் பூமியில் குடிக்கிற தண்ணீருக்கே பஞ்சம். படம் கழுவுகிற தொழிலுக்கோ தண்ணீர்தான் உயிர். ஹைப்போ என்ற உப்புக் கரைசலில் முக்கி எடுத்த படத்தை நல்ல தண்ணீரில் பலமுறை அலசியாக வேண்டும். அலசல் போதாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல வருஷம் கழித்துத்தான் படம் மஞ்சள் பூத்துப் போகும். வாடிக்கைக்காரர் கண்டுபிடிக்கவே முடியாத மோசடி அது. அண்ணாச்சி தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கி அலசினார். “ஒரு குடத்தை மிச்சம் பிடிச்சேன்னா, இருபது வருஷம் கழிச்சு யாரோ ஒரு தாத்தா மங்கிப் போயிருவாரு, தம்பி” என்பார். அவர் கையால் கழுவிய படங்கள் எங்கள் தெருவில் இன்றும் வெள்ளை வெள்ளையாக, கறுப்புக் கறுப்பாகவே இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகிற விஷயத்தை எடைபோடும்போது இந்தத் தண்ணீரையும் தராசில் வைக்க வேண்டும்.

பொங்கலன்று கடை வாசலில் திருவிழாக் கூட்டம் நிற்கும். புதுச்சட்டை விறைப்பு மாறாத பிள்ளைகள், தலை நிறையப் பூவோடு பெண்கள், பின்னால் திரைச்சீலையில் எழுதிய மாடிப்படியும் பூந்தொட்டியும். குடும்பப் படம் எடுப்பது லேசல்ல. பெரியவர் நாற்காலியில், மருமகள்கள் பின்வரிசையில், பேரப்பிள்ளைகள் தரையில் என்பது பொது விதி. ஆனால் எந்த மருமகள் மாமியாருக்குப் பின்னால் நிற்பாள் என்பதற்கு விதி கிடையாது. பாகம் பிரிந்த அண்ணன் தம்பிகள் வந்தால், இருவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி தானாக விழும். அண்ணாச்சி அதைச் சொல்லிக் காட்டமாட்டார். ஒரு குழந்தையைத் தூக்கி அந்த இடைவெளியில் நிறுத்திவிட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வார்.

வெளியூர்ப் பயணமும் உண்டு. கழுகுமலையில் பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் கொட்டகை. மற்ற நாளில் தோளில் பெட்டி, கையில் முக்காலி, கடைசி பஸ். ஒரு கிராமத்தில் காதுகுத்து, அடுத்த கிராமத்தில் துஷ்டி. இரண்டுக்கும் ஒரே சட்டைதான்.

1993இல் தேர்தல் கமிஷன் வாக்காளருக்குப் புகைப்பட அட்டை கொண்டுவந்தது நினைவிருக்கும். அதையொட்டி ஒரு கிழவி அவரைத் தேடி வந்திருக்கிறாள். வாழ்நாளில் அவள் முகம் படத்தில் விழுந்தது அந்த அட்டைக்காகத்தான். சர்க்காருக்கு எடுத்துக் கொடுத்தாயிற்று, எனக்கென்று ஒரு படம் வேண்டும், நான் கண்ணை மூடினால் மாலை போட என்று கேட்டாள். இன்னொன்றும் கேட்டாள்: காதில் பாம்படம் போட்டுக் கொடு. அவளுடைய பாம்படம் மகள் கலியாணத்துக்கு விற்றுப் போய்ப் பதினைந்து வருஷம். அறுந்து தொங்குகிற காது மட்டும்தான் பாக்கி. அண்ணாச்சி தூரிகையை எடுத்துத் தங்கத்தைத் தொங்கவிட்டார். “அவ முப்பது வருஷம் போட்டிருந்த நகைதானே? நான் ஒண்ணும் இல்லாததைக் கொடுக்கலியே” என்றார் என்னிடம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. படத்தில் ஒரு தேதி எழுதி ஒட்டாத வரையில், முப்பது வருஷத்தில் எந்த நாள் உண்மையான நாள் என்று யார் சொல்வது?

இந்தத் தொடுகை வேலை தொழிலோடு பிறந்தது. நெகடிவில் முகத்துச் சுருக்கங்கள் வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகளைக் கூரான பென்ஸிலால் பொடிப்பொடியாக நிரப்பினால், அச்சில் சுருக்கம் மறைந்து போகும். கொஞ்சம் நிரப்பினால் முகம் இளைப்பாறினாற்போல் இருக்கும். அதிகம் நிரப்பினால் மெழுகுப் பொம்மை. இன்று கைத்தொலைபேசி இதையெல்லாம் நம்மைக் கேளாமலே செய்துவிடுகிறது. அண்ணாச்சியாவது கேட்டுவிட்டுச் செய்தார்.

குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையின் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று வள்ளுவர் நமக்கு ஓர் உத்தரவு கொடுத்திருக்கிறார். மேடையில் இதைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. ஆனால் அதில் உள்ள நிபந்தனையை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். குற்றமில்லாத நன்மை என்று யார் தீர்ப்பது? பொய் சொல்பவனா, கேட்பவனா? கேட்பவனுக்குத் தெரிந்தால் அது பொய்யே அல்ல. தெரியாவிட்டால் அவன் எப்படித் தீர்ப்பான்? நான் பட்டம் வாங்குமுன் கல்லூரியை விட்டு வந்தவன். தர்க்க சாஸ்திரிகள் இதற்கு விடை வைத்திருக்கக்கூடும்.

உள்ளது உள்ளபடி எடுப்பதே தருமம் என்று ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சியின் பெரிய சாட்சியாக எல்லோரும் காட்டுவது ஓர் அமெரிக்கப் படம். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணிப் பயிர் பனியில் பட்டுப் போனதால் வேலையற்று நின்ற கூலிக் குடும்பங்களிடையே, டோரதியா லாங் என்ற பெண்மணி அதை எடுத்தார். அவரும் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஸ்டூடியோ வைத்துப் பணக்காரக் குடும்பங்களைப் படம் எடுத்துப் பிழைத்தவர்தான். பிறகு சர்க்காருக்காக ஏழைகளைப் படம் எடுக்கப் போனார். முப்பத்திரண்டு வயதுத் தாய், கன்னத்தருகே கை, இரு தோளிலும் முகம் திருப்பிக்கொண்ட குழந்தைகள். அந்த நெற்றிச் சுருக்கங்களில் ஒன்றைக்கூட லாங் தொடவில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் கண்ணை உறுத்தியது. 1939இல் அந்த விரலை நெகடிவிலேயே மங்கச் செய்துவிட்டார்!

விரல் போனதில் எனக்கு ஆக்ஷேபணை இல்லை. என்னை உறுத்துவது வேறு. லாங் அந்தத் தாயின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. உலகமெல்லாம் பரவிய முகத்துக்கு உரியவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அந்த அம்மாள் மனம் கசந்து சொன்னார். சுருக்கங்கள் நிஜம், பசி நிஜம், படமும் மகத்தான படம். அந்தப் படம் பலருக்குச் சோறு போட உதவியிருக்கிறது. ஆனாலும் முகத்துக்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை. பாம்படக் கிழவி கேட்டாள், கேட்டது கிடைத்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, உண்மைக்கும் நியாயத்துக்கும் நடுவே, அண்ணாச்சி குழந்தையை நிறுத்துவாரே, அந்த ஒரு முழம் இடைவெளி எனக்குத் தெரிகிறது.

சரி, என் வழக்குக்கு வருகிறேன்.

என் தகப்பனார் 1983இல் காலமானார். எனக்கு அப்போது ஐந்து வயது. கலியாணத்தில் எடுத்த ஒரே படத்தையும் செல் அரித்திருந்தது, சரியாக அவர் முகத்தில். ஆகவே துஷ்டி வீட்டுக்கு அண்ணாச்சியை அழைத்து வந்து, அப்பாவை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அது சர்வ சாதாரணம். பதினாறாம் நாள் படம் வீடு வந்தபோது அப்பா கண் திறந்திருந்தார். அம்மா கேட்டுக்கொண்டபடி கண் திறந்து வைத்திருந்தார் அண்ணாச்சி.

அந்தக் கண்ணின் முன்னால்தான் நான் வளர்ந்தேன். அம்மாவின் சுருக்குப் பையில் எட்டணா திருடிய அன்று அந்த அறைக்குள் போகாமல் திண்ணையிலேயே படுத்துக்கொண்டேன். பரீட்சைக்கு முன்னால், வேலைக்கு முன்னால், முதல் கதையைத் தபாலில் சேர்க்குமுன் எல்லாம் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். 2001இல் கிணற்றுப் பாத்தியதைக்காக என் சித்தப்பா மீது வழக்குப் போட்டோம். அந்தக் காகிதத்தில் கையெழுத்திடுமுன் அம்மா என்னைப் படத்தின் முன் நிறுத்தி, “அப்பாகிட்ட உத்தரவு வாங்கிக்கோ” என்றாள். வாங்கிக்கொண்டேன். எட்டு வருஷம் நடந்து, கிணற்றில் தண்ணீர் வற்றிப் போன பிறகு வழக்கு சமாதானமாயிற்று. ஆனால் அம்மா பேச்சை விட்டது விட்டதுதான். 2014இல் சித்தப்பா இறந்தபோது துஷ்டிக்குக்கூடப் போகவில்லை.

சென்ற தையில் படத்தின் கண்ணாடி கீறல் விட்டிருந்தது. நகல் எடுக்கலாமென்று அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். சட்டத்தைக் கழற்றி, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

“தம்பி, ஒண்ணு சொல்லுதேன், கோபப்படக் கூடாது. இது உங்கப்பா கண்ணு இல்லை.”

“தெரியுமே அண்ணாச்சி, நீங்கள் எழுதினதுதானே?”

“எழுதினேன். எதைப் பார்த்து எழுதினேன்? மூடின கண்ணு எப்படி இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்? ஜாடை ஒத்தது உங்க சித்தப்பாதான். அவரைக் கூப்பிட்டு ஸ்டூல்ல உட்கார வச்சு ஒரு படம் எடுத்தேன். அதைப் பார்த்து எழுதி, மறுபடி படம் பிடிச்சு அச்சுப் போட்டேன். உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அழுதாரு மனுஷன். கண்ணு சிவந்திருச்சேன்னு நான் மறுநாள் வரச் சொன்னேன். மதினிகிட்ட சொல்லிராதீங்கன்னு வாக்கு வாங்கிக்கிட்டாரு. இப்ப அவரும் இல்லை. எனக்கும் வயசாச்சு.”

சித்தப்பாவின் கண்ணிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு சித்தப்பாவின் மீதே வழக்குப் போட்டவன் நான். அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோன நாட்களில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார், அவருக்குத் தெரியும். வழக்கு நடந்த எட்டு வருஷமும், எதிரி வீட்டு நடுக்கூடத்தில் தம் கண் விளக்கு வாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே கோர்ட்டுக்கு வந்துபோயிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வழக்கே நின்றிருக்குமோ என்னவோ. சொல்லியிருந்தால் அம்மா அந்தப் படத்தை இறக்கியும் இருப்பாள்.

அண்ணாச்சி செய்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அம்மா கண் கேட்டாள். யாருடைய கண் என்று கேட்கவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தண்ணீர் விஷயத்தில் அவ்வளவு நாணயமான மனிதர், தெரிந்தே நாற்பது வருஷம் இதைச் சுமந்திருக்கிறார். இப்போது என் தலையில் இறக்கிவிட்டு அவர் நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. வள்ளுவர் கேட்ட குற்றமற்ற நன்மை இதில் எத்தனை வீசம்?

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. இதை அறிய அவளுக்கு உரிமை உண்டு என்று காலையில் தோன்றுகிறது. மாலையில் அவள் திரியைத் தூண்டி விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது, அந்த உரிமையை அவள் கையில் கொடுக்க எனக்குக் கை எழவில்லை. சித்தப்பாவுக்கும் ஓர் உரிமை உண்டல்லவா? செத்தவர்தானே என்று அதைத் தள்ளிவிட முடிகிறதா? அவர் அழுததையாவது மதினி அறிய வேண்டாமா?

போன மாதம் என் மகள் தன் தொலைபேசியில் தாத்தா படத்தை ஏற்றி ஏதோ செய்தாள். இந்தக் காலத்துக் கருவிகள் பழைய படத்தைக் கண் சிமிட்டவும் தலையசைக்கவும் வைத்துவிடுகின்றன. படத்தில் அப்பா மெள்ளத் திரும்பி, இமை கொட்டி, சிரித்தார். குழந்தை ஓடிப் போய் ஆச்சியிடம் காட்டினாள். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தாள்.

“சிரிப்பு அவரு சிரிப்பு இல்லை. கழுத்தைத் திருப்புறதும் அவரு மாதிரி இல்லை” என்று தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “கண்ணு மட்டும் அவருதான்” என்றாள்.

என் மகள் என்னைப் பார்த்தாள். “ஆமாம்மா” என்றேன். இதை இன்னும் அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லவில்லை.