மன்னிப்பை மறுத்த கைதி

1674ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் வூஸ்டர் சிறையில் ஜார்ஜ் ஃபாக்ஸ் நோயில் கிடந்தார். குவேக்கர் என்ற கிறித்தவ இயக்கத்தைத் தொடங்கியவர் அவர். மனைவி மார்கரெட், மன்னர் இரண்டாம் சார்லஸிடமே போய் முறையிட்டார். மன்னிப்புத் தருவதாக மன்னர் சொன்னார், ஃபாக்ஸ் வேண்டாமென்றுவிட்டார். மன்னிப்பை வாங்கினால் குற்றம் செய்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு, குற்றப்பத்திரிகையில் இருந்த பிழைகளால் தலைமை நீதிபதி மேத்யூ ஹேல் முன்னிலையில் விடுதலையானார்.

இங்கேதான் நெருடுகிறது. மன்னரின் கருணையை ஏற்காத மனச்சாட்சி, குமாஸ்தாவின் கைப்பிழையை எப்படி ஏற்றது? ராஜவிசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார் என்பதுதான் குற்றச்சாட்டு; அவர் மறுத்தது உண்மைதானே?

குவேக்கர்கள் எதற்கும் சத்தியம் செய்வதில்லை. கோர்ட்டுக்கு ஓர் உண்மை, சந்தைக்கு ஓர் உண்மை என்று இரண்டு கிடையாது என்பார்கள். அந்தக் கால நீதிபதிகளுக்கு இது ரொம்ப வசதியாக இருந்தது. வேறு குற்றம் நிற்காதபோது பைபிளை நீட்டினால் போதும்; மறுத்தவருக்குச் சொத்துப் பறிமுதல், மன்னர் விரும்பும்வரை சிறை.

1664இல் லங்காஸ்டரிலும் இதே கதைதான். சத்தியம் செய்த ஜூரிகள் ஏற்றுக்கொண்ட குற்றப்பத்திரிகையில் பிழைகள் இருந்தன. சத்தியம் செய்யாதவர் அவற்றை எடுத்துக்காட்டினார். நீதிபதி டர்னர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, அதே பிரமாணத்தை மறுபடி நீட்டினார்! சொல்லியிருந்தால் ஃபாக்ஸ் வீட்டுக்குப் போயிருக்கலாம். மறுத்தார், மறுபடி சிறை. ஓட்டை தேடித் தப்புகிறவன் இப்படிச் செய்யமாட்டான். தம் மறுப்பை அவர் ஒரு நாளும் ஒளிக்கவில்லை. தம்மிடம் உண்மை கேட்கிற கோர்ட், தன் தாளிலும் உண்மையை எழுதட்டும் என்றுதான் கேட்டார். அதில் தந்திரம் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆனால் மன்னிப்பை மறுத்ததை எல்லாருக்கும் அளவுகோலாக்க முடியாது. 1672இல் இதே மன்னரின் மன்னிப்பால் ஏறத்தாழ 500 குவேக்கர்கள் சிறைமீண்டார்கள். அதற்காக மனுப் போட்டு அலைந்தவர் ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்ற குவேக்கரேதான். வருமானம் போய், குடும்பம் சிதறிக் கிடந்தவர்களை எந்த நியாயத்தில் கோழைகள் என்பது? ஃபாக்ஸின் பிடிவாதத்துக்கும் அவர் மட்டுமே விலை கொடுக்கவில்லை. மன்னரிடம் போன மார்கரெட், இதே பிரமாணத்தை மறுத்து லங்காஸ்டர் கோட்டையில் 4 ஆண்டுகள் சிறையிருந்தவர். மன்னிப்பு என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், தெரிந்தேதான் போனார்.