காயம்பட்ட வாயில்லா ஜீவன்களும் நம் கைத்தொழிலும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்த மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நம் எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ்தான். ஆனால் அவர் எதில் தண்ணீர் எடுத்தார் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கிணற்றில் இறங்கி, தன் தோல் காலுறையில் நீரை நிரப்பி, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறி வந்தார். தன் காலுக்காகத் தைத்த பொருளை ஒரு ஜீவனைக் காப்பாற்றும் கருவியாக்கினார். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்த நாயின் தாகம் தீர்ந்திருக்காது.

தோலை நம்பிப் பிழைக்கும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு இந்த ஹதீஸில் பெரிய பாடம் இருக்கிறது.

தாய்லாந்தில் மோஷா என்ற யானைக்குட்டி, 7 மாத வயதில், 2006-இல் கண்ணிவெடியை மிதித்து முன்னங்காலை இழந்தது. ஏழை மனிதர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுத்துவந்த மருத்துவர் தெர்ட்சாய் ஜீவகேட், அதே தொழிலறிவைக் கொண்டு அதற்கும் ஒரு கால் செய்தார். குட்டி வளர வளரப் பழைய கால் தாங்காது. 2016-க்குள் அதன் எடை 2,000 கிலோவைத் தாண்டியது. அப்போது அது நின்றது 9-ஆவது செயற்கைக் காலில். இரக்கம் ஒருநாள் வேலை அல்ல, சகோதரர்களே!

நம் நாட்டிலும் 2018-இல் மதுரா அருகே யானைகளுக்கென்றே மருத்துவமனை திறக்கப்பட்டது. எழ முடியாத யானையைத் தூக்கி நிறுத்தும் கருவி, எக்ஸ்ரே, நீர்ச் சிகிச்சைக்கான குளம் எல்லாம் அங்கே உண்டு.

காயம் வருமுன் தடுப்பதும் இரக்கம்தான். கோவை நவக்கரையில் 2021 நவம்பரில் ரயில் மோதி 3 யானைகள் இறந்தன. இன்று மதுக்கரை காட்டுப் பாதையில், 2024 பிப்ரவரி முதல், உடல் வெப்பத்தை வைத்து யானையைக் கண்டறியும் கேமராக்கள் முன்கூட்டியே எச்சரிக்கின்றன.

இப்போது நம்மிடம் வருவோம். அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டி, பிராணிக்கு வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அப்படியிருக்க, டேனரிக் கழிவைச் சுத்திகரிக்காமல் பாலாற்றில் விட்டுவிட்டு, அந்த நீரைக் குடிக்கும் பறவைகளுக்கும் கால்நடைகளுக்கும் மறுமையில் என்ன பதில் சொல்வோம்? சுத்திகரிப்பு இயந்திரத்தை மின்கட்டணத்துக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். அது உங்கள் பொறுப்பில் உள்ள அமானிதம்.

அடிபட்ட மயிலையோ பறவையையோ கண்டால், கூட்டம் சேர்த்து வீடியோ எடுக்காதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டாக, அமைதியாக வைத்து வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். மானாக இருந்தால் நெருங்காமல் தூர நின்று காவல் இருங்கள். வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டத்தில் இடமில்லை.

தோல் வெட்டவும் தைக்கவும் தெரிந்த கைகள் இங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன. பாலிடெக்னிக்கிலும் இன்ஜினியரிங்கிலும் படிக்கும் பிள்ளைகளும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கால்நடை மருத்துவரிடம் போய், "தாங்குபட்டை தைக்க வேண்டுமா, கட்டை செய்ய வேண்டுமா?" என்று கேளுங்கள். உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உதவியில் நற்கூலி உண்டு என்று நபியவர்கள் உறுதி சொல்லியிருக்கிறார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கைத்தொழிலை உன் படைப்புகளுக்கு ரஹ்மத்தாக ஆக்குவாயாக. எங்கள் சம்பாத்தியத்தால் எந்த ஜீவனும் வேதனைப்படாமல் காப்பாயாக. ஆமீன்.