வகுத்தலின் அறம்

கம்பளையைத் தலைநகராகக் கொண்டு நான்காம் புவனேகபாகு ஆண்ட காலத்தில், 1344ஆம் ஆண்டளவில், இலங்காதிலக விகாரை எழுந்தது. அதற்கு விடப்பட்ட மானியங்களின் விபரம் சிங்களத்திலும் தமிழிலும் அங்குள்ள பாறையிலே பொறிக்கப்பட்டுள்ளது. கொடுத்தோரின் உள்நோக்கம் எத்தகையதாயினும், எதற்காக எது கொடுக்கப்பட்டது என்பதை வழிப்போக்கனும் வாசிக்கலாம். அக்காலத்தில் எழுத்தறிந்தோர் எத்தனை பேர் என்பது வேறு வினா.

மக்களாட்சியில் பொதுப்பணம் செல்லும் வழி எப்பொழுதும் இத்துணை வெளிப்படையன்று. மறுக்கவியலாத தேவையொன்றுக்கெனக் கொண்டுவரப்படும் நிதிச் சட்டமூலத்தினுள், அதனோடு தொடர்பற்ற செலவுகளைச் செருகிவிடும் வழக்கம் அமெரிக்கக் காங்கிரசில் நெடுங்காலமாக உண்டு. 2005இல் நிறைவேறிய போக்குவரத்துச் சட்டம், உறுப்பினர்கள் தத்தம் பகுதிக்கெனக் கேட்டுப்பெற்ற ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வேலைகளைச் சுமந்து நின்றது. அவற்றுள் ஒன்று, ஏறத்தாழ 50 பேர் வாழும் அலாஸ்காவின் கிராவினாத் தீவுக்கான பாலம். ஒதுக்கிய தொகை 22 கோடி டொலருக்கு மேல். அவ்வாண்டே கத்ரீனா சூறாவளி லூசியானாவைச் சிதைத்தது. அப்பணத்தை அங்கே உடைந்த பாலத்துக்கு மாற்றுமாறு செனற் சபையில் ஒரு பிரேரணை வந்தது. ஆதரித்தோர் 15 பேர். எதிர்த்தோர் 82 பேர். பிறனுடைய பாலத்தில் இன்று கைவைத்தால் நாளை தமது பாலத்துக்கும் அக்கதி நேருமென அவர்கள் அஞ்சினர் என்றே கொள்ளவேண்டும். 2007இல் அத்தீவுப் பாலத் திட்டம் கைவிடப்பட்டது.

இதில் குற்றம் யாது? வீண்செலவு என்பது எளிய விடை. அது கணக்காய்வாளர் கண்டுகொள்ளக்கூடிய குற்றம். ஆழமான தீங்கு சம்மதத்தைப் பற்றியது. வெள்ள நிவாரணத்துக்கு ‘ஆம்’ என்பவர், அதனோடு பிணைத்துக் கொண்டுவந்த பிறிதொன்றுக்கும் ‘ஆம்’ என்றாக வேண்டும். துன்புறுவோனின் தேவையே பணயமாக வைக்கப்படுகிறது. அரசின் தொழில்களைக் கூறிய வள்ளுவர் வகுத்தலை இறுதியில் வைத்தார். தேவையை நிறுக்காது பேரத்தை நிறுப்பது வகுத்தலாகாது.

தொகுதியின் குறையை அதன் உறுப்பினரன்றி வேறு யார் அறிவார் என்று கேட்கலாம். வலிமையான வினாவே. இலங்கையில், அரச நிதியைச் செலவிடும் சட்டமூலத்தை அமைச்சரவையின் அங்கீகாரத்துடன் அமைச்சரே கொண்டுவரலாம் என்கிறது 1978ஆம் ஆண்டு யாப்பின் 152ஆம் உறுப்புரை. ஆகவே செருகும் வழி இங்கு பெரிதும் அடைபட்டுள்ளது. எனினும், 1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம், தொகுதிதோறும் உறுப்பினரின் விருப்பப்படி செலவிட ஒரு தொகையை ஒதுக்கியது. அது மறைவாக நிகழ்ந்ததன்று; பாதைகளும் சிறு பாலங்களும் அதனால் எழுந்தன.

ஆனால் கம்பளையைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களை நோக்குக. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை வாக்கற்றவராக்கின. தொகுதிகளை வகுக்கையில் அவர்களது தலைகளும் எண்ணப்பட்டன. வாக்காளர் இடாப்பில் அவர்களுக்கு இடமில்லை. மலையகத் தொகுதிகள் பெருகியதில் அவர்களது தொகைக்கும் பங்குண்டு. லயங்களுக்குச் செல்லும் பாதையின் இழிநிலையை உறுப்பினர் அறிந்திருக்கவுங்கூடும். ஏன் திருத்தவில்லை என்று அவரை வாக்கினாற் கேட்கும் உரிமை அங்கு வாழ்ந்த பலருக்கு 1974இலும் இருக்கவில்லை. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியதாயிற்று.