கரப்பில்லாத கைகள்

ஐப்பசி மழை விழுந்ததும் வன்னிக் குளங்களின் விராலும் கெளுத்தியும் முட்டை வயிற்றோடு, வாய்க்காலில் வரும் புதுத்தண்ணீரை எதிர்த்து வயல்களுக்கு ஏறும். ஒடுங்கிய இடத்தில் கரப்போடு காத்திருந்தால் போதும். சினைமீனைப் பிடிப்பது பாவமென்று பெரியவர்கள் சொல்வார்கள்; சொல்லிக்கொண்டே குழம்பும் வைப்பார்கள். அதை நாங்கள் பாசாங்கு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

இன்று லாச்சப்பலில் கோப்பை கழுவுகிறோம். பாரிசின் பழைய நிலக்கீழ்க் குழாய்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகவே ஓடுகின்றன. கோடையில் இடிமழை கொட்டினால் குழாய்கள் கொள்ளாமல் மிச்சம் செய்ன் நதிக்குள் பாய்கிறது. அந்த அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரின் பிராணவாயுவை எடுத்துக்கொள்ள, மீன்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன. இதைக் குறைக்கவென்று 2024இல் ஒஸ்தெர்லிட்ஸ் அருகே 50,000 கனமீற்றர் கொள்ளும் நிலக்கீழ்த் தொட்டியொன்றைத் திறந்தார்கள். பெருமழைக்கு அதுவும் போதாமல் போவதுண்டு.

நாங்கள் கழுவிவிட்ட எண்ணெயும் சோறும் அந்த வெள்ளத்தில் உண்டு. ஆனால் எங்கள் கையில் கரப்பில்லை. ஆகவே பாவம் என்ற சொல்லும் வாயில் வருவதில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றால், கொன்றவர் ஒருவருமில்லை என்றாகிவிடுமா?

ஊரில் பாவமென்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் கொன்றதைக் கண்ணால் கண்டார்கள். கண்டதால் சிலவேளை ஒன்றிரண்டைத் திரும்பவும் தண்ணீரில் விட்டார்கள். நாங்களோ எதையும் காண்பதில்லை. தட்டின் எண்ணெயைக் குப்பைக்குள் வழித்துவிட்டுக் கழுவுவது சின்ன வேலைதான். மழை இரவுகளில் அதையாவது செய்யப் பழகுகிறோம்.